லேமினேட் செய்த டிகிரியோடு பாலாநகர் வரை

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தபின் நான் செய்த கடினமான பயணம் ஹைதராபாத்துக்குள்ளேயே நடந்தது. போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஆட்டோவில், அப்பாவோடு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

காலை 9.10க்கு சைனிக்புரியில் ஆட்டோ பிடித்தோம். சனத்நகர் ஏஜென்சிக்குப் பதினேழு கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம், 390 ரூபாய். டிகிரி சான்றிதழின் பின்பக்கத்தில் அரசு முத்திரை வாங்கித் தருவது அவர்கள் வேலை. கவுண்டரில் இருந்த பெண் என் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் மேல் முத்திரை குத்த முடியாதாம். பிரித்து மூன்று மணிக்குள் கொண்டுவந்தால் இன்றைக்கே அனுப்புவார்களாம். இல்லையென்றால் ஜெர்மனிக்காரர்கள் சொன்ன கடைசித் தேதி தாண்டிவிடும், சீட்டும் போய்விடும்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

அவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் லேமினேட் ஆகாத காகிதம் காலண்டர் மட்டும்தான். பட்டமளிப்பு விழா முடிந்து நான் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் டிகிரிக்கும் பிளாஸ்டிக் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாதும்மா" என்றார் அன்று. ஆகவில்லைதான்.

மூன்று ஜெராக்ஸ் கடைகளில் கேட்டோம். ஒட்டத்தான் தெரியும், பிரிக்கத் தெரியாது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு யூசுப் பாய் ஞாபகம் வந்தார். பாலாநகரில் ஒயர் பட்டறை வைத்திருக்கும் பழைய நண்பர். சூடான காற்றை ஊதும் மெஷின் அவரிடம் உண்டு. நான்கு கிலோமீட்டர், 110 ரூபாய். போய்ச் சேரும்போது மணி 12.20.

பாய் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "ஐசா கைக்கு கரே?" என்றார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று காலையிலிருந்து நானும் கேட்க நினைத்ததுதான். முதலில் வேறு ஏதாவது ஒன்றில் செய்து பார்க்கலாம் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவின் பையில் இன்னும் இரண்டு சான்றிதழ்கள் வந்திருந்தன. ரயில்வேயில் தனக்குச் சிறந்த தொழிலாளி என்று கொடுத்ததை அப்பா எடுத்து நீட்டினார். காற்று பட்டதும் ஒரு மூலை கருகியது.

"வேற ஒண்ணு இருக்கா?" என்றார் பாய். இருந்தது. மூன்றாம் வகுப்பில் லெமன் ஸ்பூன் ஓட்டத்தில் நான் வாங்கிய இரண்டாம் பரிசு.

"அது நக்கோ பாய்." அப்பா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"என் சீட்டுப்பா!"

"என்னுதுலயே இன்னும் மூணு மூல இருக்குதே."

மூன்றாவது மூலை சுத்தமாகப் பிரிந்தது. பிறகு டிகிரி. பாய் காற்றை ஊத, அப்பாதான் பிரித்தார். நாற்பது நிமிடம். அவர் விரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. பாய் பணம் வாங்கவில்லை. 2.35க்குக் கவுண்டரில் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே, சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் ஃபைல் போதும். கேட்காத அப்பா என்றால் ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து ஒரிஜினலை ஒளித்துவையுங்கள்.

செப்டம்பரில் கிளம்பும்போது, அந்தக் கருகிய சான்றிதழ் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். "அத வச்சி அங்க என்ன பண்ணப்போற?" என்றார் அப்பா. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போனார். இப்போது அது என் மேசைக்கு மேலே இருக்கிறது, கருகிய மூலையோடு, புது பிளாஸ்டிக்குக்குள்.