திருவனந்தபுரத்திலிருந்து தென்காசிக்கு, மதுரை வழியாக

அறுபதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஆனி மாதம் ஒருநாள் காலையில் தென்காசியிலிருந்து தந்தி வந்தது. அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று.

ரயில் போய்விட்டிருந்தது. செங்கோட்டை மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் இல்லை. பெரிய டாக்டரம்மாதான், "மதுரைக்கு விமானம் இருக்கிறது, முக்கால் மணி நேரம்தான்" என்று சொல்லி டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார். அதுவரை விமானத்தைத் தரையில் நிற்கக்கூட நான் பார்த்ததில்லை.

ஏறி உட்கார்ந்தபோது ஒரே பயம். பக்கத்து இருக்கையில் செங்கோட்டை ஜவுளி வியாபாரி ஒருவர். அவருக்கு இது பழகிய பயணம். மலையைத் தாண்டும்போது மேகம் கொஞ்சம் விலகியது.

"அங்கன பாரும்மா, குத்தாலம்லா தெரியுது!" என்றார்.

எட்டிப் பார்த்தேன். பச்சை மலையில் ஒரு வெள்ளைக் கோடு. அடுத்து சிற்றாறு. அதன் கரையில், அந்நாளில் இரண்டாகப் பிளந்து நின்ற எங்கள் தென்காசிக் கோயிலின் பழைய கோபுரம். புறப்பட்டு இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ரயிலில் வளைந்து வளைந்து வரும் தூரம் இவ்வளவுதானா! எங்கள் தெரு எது, வீடு எது என்று தேடினேன். அங்கேதான் அப்பா படுத்திருக்கிறார்.

"இங்கன எறக்கிவிட மாட்டாங்களா அண்ணாச்சி?"

"பஸ்ஸுன்னு நெனச்சியா தாயீ? இனி மதுரையிலதான் நிக்கும்."

அதற்குள் மேகம் மூடிவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

மதுரையில் இறங்கி, பஸ் மாறி மாறி வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு நிமோனியா. ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஆனால் இரண்டு நாளாக ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை, யாரோடும் பேச்சும் இல்லை, சுவரைப் பார்த்துத் திரும்பியே கிடக்கிறார் என்று அம்மா அழுதாள்.

"காலையிலதான் தந்தி கொடுத்தோம், எப்படிட்டி வந்தே?"

"பிளேன்ல வந்தேம்மா."

கட்டிலில் அசைவு. அப்பா மெல்லத் திரும்பினார்.

"மத்தியானத்துக்கு முன்னால மேல ஒண்ணு இரைச்சலா போச்சே... அதுலயா?"

"ஆமாப்பா."

"அங்கன இருந்து நம்ம ஊருக்கு எம்புட்டு நேரம்?"

பதில் சொல்ல வாயெடுத்தவள், ஏதோ தோன்றி, கஞ்சியை ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். "இதைக் குடிங்க, சொல்லுதேன்."

முறைத்துப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

"இருபது நிமிஷம்."

"மதுரைக்கு?" இன்னொரு கரண்டி.

"அப்புறம் அரை மணி நேரம்கூட ஆகல."

"அங்கேருந்து இங்கன?"

"ஆறு மணி நேரம், பஸ்ல."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. "கிறுக்குப்புள்ள! வீட்டுக்கு மேலயே வந்துட்டு, மதுரைக்குப் போயில்லா திரும்பி வாரே!"

அருவி எப்படித் தெரிந்தது, மேகத்துக்குள் போனால் நனையுமா, காது அடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியாததற்கும் ஏதோ சொன்னேன். கிண்ணம் காலியாகியிருந்தது.

அப்பா எழுந்து நடமாட ஒரு மாதம் ஆனது. அதன்பிறகு பணியில் இருந்தவரை, சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் நோயாளியை நான் அதட்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இவருக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும் என்றுதான் முதலில் யோசிப்பேன்.