அறுபத்திரண்டாம் வளைவில் ஒரு வெள்ளி ரூபாய்

காசை முதலில் கீழுதட்டில் ஒரு தேய்ப்பு. பிறகு மூக்கருகில் வைத்து மோந்து பார்க்கிறார். அப்புறம், பக்கத்துப் பாறையில் ணங்கென்று ஒரு போடு. ஓசை அடங்கும்வரை கண்ணை மூடியிருந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார் சென்றாயன்: “முத்தல்.” இல்லையென்றால் “அரைமுத்தல்.” அதுவும் இல்லையென்றால் “பொக்கு.” மிளகில் நன்றாக விளைந்தது, பாதி விளைந்தது, உள்ளே ஒன்றுமில்லாதது என்பதற்குச் சொல்கிற அதே மூன்று சொற்கள்தான். காசின் விளிம்பைக்கூட விரல் நுனியால் பிடித்துப் பழகிய என் போன்ற சேகரிப்பாளனுக்கு, அந்தப் பாறைச் சத்தம் ஒவ்வொரு முறையும் காசின் விலையில் பாதி போன சத்தமாகத்தான் கேட்கும்.

கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு விற்கிறவர் அவர். மலை வீடுகளில் ராகிப் பானைக்குள் கிடக்கும் பழைய வெள்ளி ரூபாய்களுக்காகச் சேலத்து வியாபாரிகள் சந்தைக்கு வருவார்கள். சென்றாயன் ஒரு வார்த்தை சொல்லாமல் மலையில் எந்த வீட்டுக் காசும் கை மாறியதில்லை. அதற்காக ஒரு வெற்றிலை கூட வாங்க மாட்டார். மனுஷனுக்குப் பெயர் மட்டும் போதும்.

அந்தப் பெயருக்குத்தான் 2001-ல் வேட்டு வந்தது. சேலத்து வியாபாரி ஒருவர் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த காசு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். வெளிநாட்டுக் கம்பெனி பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு மூடிய டப்பா. இனி யார் வாய்ச்சொல்லும் வேண்டாம், டப்பா சொல்வதுதான் தரம் என்றார். அன்றைக்கே ஐந்து பேர் சென்றாயனைத் தாண்டி நேராக அவரிடம் போனார்கள். 

மூன்றாம் நாள் சென்றாயன் என்னைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில்கூட நூற்றுக்குப் போடுகிறார்கள், இவன் ஏன் எழுபதுக்குப் போடுகிறான் என்று கேட்டார். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார்.

“நம்ம மலை ரோட்டுக்கு எழுபது வளவு. அவன் வந்து எண்ணிப் பாத்திருக்கறானுங்க.”

அன்றிலிருந்து டப்பாக் கணக்கு அவருக்கு வளைவுக் கணக்காகிவிட்டது. தன்னிடமிருந்த காசுகளிலேயே நல்லதான ராணி தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாயை என்னிடம் தந்து, பம்பாய் ஏஜென்ட் மூலமாக அந்தக் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னார். நாலு மாதம் கழித்து அறுபத்திரண்டு வாங்கி வந்தது. எட்டு வளைவுதான் பாக்கி, குளிர்காற்று அடிக்கிற இடம், பரவாயில்லை என்றார். சொல்லிக்கொண்டே அருவாளின் பின்புறத்தால் டப்பாவை ஒரே தட்டில் பிளந்தார். எனக்கு உயிரே போய் வந்தது. காசுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே காசு மறுபடி அவர் மனைவி கண்ணாயி பெயரில் போனது. ஐம்பத்தெட்டு. திரும்பவும் அருவாள். மூன்றாம் தடவை என் பெயரில். அறுபத்து நாலு. இதற்குள் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

“ஒரே காசு. அதுக்கு மூணு வளவுல நிக்க என்னங்க வேல?”

பார்ப்பதும் மனிதக் கண்தானே, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், கள்ளக் காசைக் கண்டுபிடிக்கவாவது டப்பா உதவும் என்று நான் வக்காலத்து வாங்கிப் பார்த்தேன். உண்மையில் எனக்கும் எரிச்சல்தான். என் வீட்டு அலமாரி நிறைய டப்பாக்கள் இருக்கின்றன.

அடுத்த சந்தையன்று காலையிலேயே டப்பாக்களுக்குள் வந்த மதிப்பெண் சீட்டுகள் மூன்றையும் மிளகு மூட்டைமேல் பரப்பி வைத்துச் சேலத்து வியாபாரியைக் கூப்பிட்டார். கூட்டம் கூடிவிட்டது. வியாபாரி சீட்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சென்றாயனுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காதவர்களுக்கும் கதையை முதலிலிருந்து சொன்னார்.

அப்போதுதான் பக்கத்தில் குச்சிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த கண்ணாயி எழுந்து வந்தார். மடியிலிருந்து ஒரு காசை எடுத்து, சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். தாய் வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த காசு. கல்யாணமான வருஷம் சென்றாயன் அதைப் பொக்கு என்று ஒதுக்கிவிட்டாராம். இருபது வருஷம் வாய் திறக்காமல் இருந்த அம்மாள், புருஷன் செய்த சோதனையைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறார். போன மூன்று சந்தையிலும் அந்தக் காசை ஆள் மாற்றி அவரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒரு நாள் காலையில், ஒரு நாள் சோற்றுக்குப் பின்னால், ஒரு நாள் சாயங்காலம். கிடைத்த தீர்ப்புகள் வரிசையாகப் பொக்கு, முத்தல், அரைமுத்தல்.

“வவுத்துல சோறு இல்லீன்னா உங்களுக்கு எல்லாமே பொக்குதானுங்க” என்றார் கண்ணாயி.

சந்தையே சிரித்தது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தாரை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சேலத்துக்காரர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, மறைப்பானேன்.

சென்றாயன் அந்தக் காசை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மனைவியிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நானும் மூணு சொல்லிப்போட்டேன். ஆனா என்னையக் கேக்கறதுக்குக் கண்ணாயி இருக்கறா. டப்பாக்காரன யாருங்க போய்க் கேப்பா?”

சேலத்துக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சீட்டுகளை மூட்டைமேல் திருப்பி வைத்தார். ஆனாலும் கூட்டம் கலைந்தபோது யாரும் சென்றாயன் பக்கம் வரவில்லை. பொன்னாயி என்ற பெண்மணி மட்டும், நடந்தது எதுவும் தெரியாமல், அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை நீட்டினார். பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டுமாம்.

உதடு, மூக்கு, பாறை. கண்ணைத் திறந்தார் சென்றாயன். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார். மணி என்ன என்று என்னைக் கேட்டார். பதினொன்றுகூட ஆகவில்லை.

“சித்த இரு ஆத்தா” என்றார்.

கண்ணாயி தன் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினார். பொன்னாயியின் காசை இடது கை விரல்களில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி, வலது கையால் சோற்றை அள்ளி அவசர அவசரமாக விழுங்க ஆரம்பித்தார் சென்றாயன்.