பாடைக்குப் போன குரோட்டன்ஸ்

எங்கள் வாசலில் நிற்கிற குரோட்டன்ஸ் செடியைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். கரியாலூரில் ஒரு விடுதிக்குச் செங்கல் இறக்கப் போனவர், நாலு குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி டிராக்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தார். கறிவேப்பிலைக் கன்று வேண்டும் என்று அவரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிருந்தவள் நான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"இன்னாங்க இது? பூக்குமா, காய்க்குமா?"

"ரெண்டும் இல்ல. கடலுக்கு நடுவுல தீவுங்கள்ல வளர்ற செடியாம். வருஷம் பூரா எல கொட்டாதாம். தோட்டக்காரரு சொன்னாரு."

"ஆடாவது தின்னுமா?"

"தின்னாது."

"அப்ப ஆட்டுக்குக்கூட ஆவாது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுக்கப் போய்விட்டார். கடலூரில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்த மனுஷன், தீவுச் செடி வளர்க்கக் கிளம்பினார்.

மணலும் மக்கிய சாணியும் கலந்து பழைய பெயின்ட் டப்பாக்களில் நிரப்பினார். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, குச்சிகளை ஊன்றினார். மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து மாட்டுக்கொட்டகை நிழலில் வைத்தார். இரண்டு அழுகின. ஒன்றைக் கோழி கிளறிப்போட்டது. ஒன்று மட்டும் வேர் பிடித்தது. நிழலிலேயே இருந்தால் வெறும் பச்சையாகத்தான் நிற்கும், வெயில் பட்டால்தான் நிறம் ஏறும் என்று அதை வாசலுக்குக் கொண்டுவந்து நட்டார். ஒரே வாரத்தில் அத்தனை இலையும் உதிர்ந்துவிட்டது.

"செத்துப்போச்சி, தூக்கிப் போடுங்க" என்றேன்.

அவர் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் தண்டை லேசாகக் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை.

"பாத்தியா புள்ள? கீறினா பச்ச தெரிஞ்சா உசுரு இருக்குதுன்னு அர்த்தம். எடம் மாத்தினா இது கோச்சிக்கினு எலய கொட்டிடும். மண்ணு காயக் கூடாது, தண்ணியும் தேங்கக் கூடாது. சும்மா வுட்டா தானா வரும்."

வந்தது. நுனியைக் கிள்ளிக் கிள்ளிவிட்டதில் புதராகி என் மார்பு உயரம் நின்றது. மஞ்சளும் சிவப்பும் கருஞ்சிவப்புமாக இலைகள். வெள்ளையாக மாவுப்பூச்சி அண்டினால் சோப்புத் தண்ணீரில் துணி நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். நான் புதுப்புடவை கட்டி எதிரில் நின்றாலும் அப்படிப் பார்த்ததில்லை என்று சண்டை பிடிப்பேன்.

எங்கள் பக்கத்தில் குரோட்டன்ஸ் இலைக்கு எப்போதும் ஆள் வந்துகொண்டே இருக்கும். கல்யாண மேடைக்கும் அதுதான், சாவுக்குப் பாடை ஜோடிக்கவும் அதுதான். இவர் யாருக்கும் ஒரு கொத்து ஒடிக்கவிட மாட்டார். ஒருமுறை என் கொழுந்தனாரே, அதாவது அவர் கூடப்பிறந்த தம்பியே, சிநேகிதன் கல்யாணத்துக்கென்று கத்தரியோடு வந்துவிட்டார். "நான் செத்தா மொத்தமா பிச்சிக்கினு போங்கடா!" என்று இவர் கத்தியதில் தெருவே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

போன கரும்பு சீசனில், மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் லோடு இறக்க வரிசையில் காத்திருந்தவர், வண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆம்புலன்சில் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

பாடை கட்டும்போது கொழுந்தனார் என் முன்னால் வந்து நின்றார். கையில் கத்தரி. முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, அண்ணன்தான அன்னிக்கி சொல்லிச்சி..." செடிப் பக்கம் கையைக் காட்டினார்.

நான் தலையாட்டினேன். ஒரு இலைகூட மிச்சம் வைக்காமல், அழுதுகொண்டே பறித்தார்கள். சாமந்திக்கு நடுவே அந்த இலைகளைச் சொருகியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

கருமாதி முடியும்வரை நான் வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மொட்டைக் குச்சிகள் தெரியும். யாரும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றவில்லை. இந்த வீட்டில் அவர் கையால் வைத்து வளர்த்தது என்று எனக்கு வேறு எதுவும் கிடையாது. பிள்ளையும் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம், பட்டுப்போனதை வாசலில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கருமாதிக்கு மறுநாள் கொழுந்தனார் கடப்பாரையோடு வந்தார்.

"இருங்க" என்று வெளியே ஓடினேன். செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நகத்தை வைத்துத் தண்டைக் கீறினேன்.

பச்சை.

அவரை ஆம்புலன்சிலிருந்து இறக்கிய அன்றைக்கும் இதைத்தான் செய்தேன். ஃப்ரீசர் பெட்டியில் வைப்பதற்கு முன்னால், அழுகிற பெண்களுக்கு நடுவே, அவர் முழங்கையில் நகத்தால் கீறிப் பார்த்தேன். புத்தி பேதலித்துவிட்டது என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். வெளுத்த கோடு ஒன்று விழுந்தது. அது சிவக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவக்கவில்லை.

"இன்னா அண்ணி, அழுவறீங்க? பட்டுப்போச்சா?" என்றார் கொழுந்தனார்.

"இல்ல. உசுரோடதான் இருக்குது" என்றேன்.