அண்ணன் ஏறிய ராட்டினம்

அந்த வருடம் மே மாத விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் பரீட்சை முடிந்த கையோடு பூட்டப்பட்டுவிடும். தஞ்சாவூர்க்காரர்கள் தஞ்சாவூருக்கும் நாகர்கோவில்காரர்கள் நாகர்கோவிலுக்கும் ரயிலேறிவிடுவார்கள். நாங்கள் மதுரைப் பக்கம். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். வருடம் முழுக்க லீவு எடுக்காமல் சேர்த்துவைத்து மே மாதம் எங்களை அழைத்துக்கொண்டு கிளம்புவார். அந்த முறை, அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார்ந்து வர அண்ணனால் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு அப்போது பதினான்கு வயது, எனக்குப் பதினொன்று. அவன் சின்னப் பையனாக இருந்தபோது மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி வீடு திரும்புவான். தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன் பிறகு அம்பயராக நின்றான். அதற்கும் மூச்சு வாங்கவே வாசல்படியில் உட்கார்ந்து ஸ்கோர் மட்டும் சொன்னான். மழைக்காலம் முடிந்ததும் ஆபரேஷன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் முடிவு செய்திருந்தார்கள்.

பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் புதிதாக ஒரு தீம் பார்க் திறந்திருந்தார்கள். அதன் விளம்பரம் பஸ்ஸின் பின்பக்கம் வண்ணமாக ஒட்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழியெல்லாம் அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே வருவான். ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான்.

"ஊருக்குத்தான் போவல. அந்த பார்க்குக்காவது இட்டுகினு போப்பா."

"இட்டுகினு என்னடா இட்டுகினு? கூட்டிக்கிட்டுன்னு சொல்லு," என்றாள் அம்மா. அவன் தெருவில் கற்றுக்கொண்ட பேச்சு அவளுக்குப் பிடிக்காது.

"சரி, கூட்டிக்கிட்டு. போலாமா?"

டாக்டரைக் கேட்டார்கள். போய்ப் பார்க்கலாம், ஆனால் எதிலும் ஏறக் கூடாது என்றார். எதிலும் ஏறாமல் அங்கே போய் என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம் என்று அவராகவே சொன்னார்.

"எதுலயும் ஏத்த மாட்டேன்னு சொல்லுங்க," என்றாள் அம்மா.

"மாட்டேன்."

"புள்ளைங்க முன்னாடி சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேன்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடி பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினோம். பருத்திப்பட்டைத் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையிலிருந்த நோட்டீஸை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான். பார்க்கில் இருக்கும் விளையாட்டுகளின் படங்கள் அதில் இருந்தன. எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பூந்தமல்லியில் இறங்கி வேறு பஸ் மாறினோம்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். அம்மா விடியலில் எழுந்து புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எங்களைப் போலவே பல குடும்பங்கள் சுவரோர நிழலில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தன. நாங்களும் உட்கார்ந்தோம். யாருக்கும் பசியில்லை. வீணாக்கக் கூடாதே என்று சாப்பிட்டோம். பிறகு வாசல் செக்யூரிட்டிக்காரன் பையிலிருந்த மாத்திரைப் பட்டைகளை வெளியே எடுத்துப் பார்த்தான்.

"இது இன்னாம்மா, இத்தினி மாத்திர?"

"பையனுக்கு," என்றாள் அம்மா. அவன் அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் எல்லோர் புறங்கையிலும் ஊதா முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரை இருந்தால் எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம்.

உள்ளே முதலில் இருந்தது கொலம்பஸ் கப்பல். வரிசையின் தொடக்கத்தில் ஒரு பலகை நின்றது. இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது. அடுத்து இருந்த ரோலர் கோஸ்டரிலும் அதே பலகை. ராட்டினத்திலும் அதே. எல்லாவற்றையும் ஒரே பெயிண்டர் எழுதியிருக்க வேண்டும். 'நோயாளிகள்' என்பதில் கால் எழுத்து எல்லாப் பலகையிலும் ஒரே மாதிரி சாய்ந்திருந்தது.

"பாத்தியா," என்று அண்ணன் என் காதில் சொன்னான். "என்னையும் புள்ளத்தாச்சியையும் ஒண்ணா சேத்துட்டானுங்க."

நான் சிரித்தேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தை ஒன்றும் தெரியாததுபோல் வைத்துக்கொண்டான். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளி இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னான். நான் எல்லாவற்றிலும் ஏற வேண்டும். இறங்கியதும் எப்படி இருந்தது என்று ஒன்று விடாமல் அவனிடம் சொல்ல வேண்டும்.

முதலில் கொலம்பஸில் ஏறினேன், கடைசி வரிசையில். அங்கேதான் உட்கார வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான். கப்பல் மேலே போய் ஒரு கணம் நின்று, பிறகு விழுந்தது. கம்பியைப் பிடித்த கை மரத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். இறங்கி வந்ததும் அவன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"சொல்லு."

"நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுன்னா இன்னா அர்த்தம்? கீழ வரும்போது இன்னா ஆச்சு?"

"வயித்துக்குள்ள ஒரு மாதிரி..."

"ஒரு மாதிரின்னா? சில்லுனு கீதா? காலியா கீதா?"

"காலியா."

"கண்ண தொறந்து பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொன்னதும் அவன் முகம் வாடிப்போனது. "இன்னொரு தபா போ. கண்ண தொறந்து வெச்சுக்கோ," என்றான். போனேன். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். எதிர் வரிசையில் இருந்தவர்களின் திறந்த வாய்களும், அவர்களுக்குப் பின்னால் சாய்ந்து எழும்பும் தரையும் தெரிந்தன. தூரத்தில் பெஞ்சில் சின்னதாக அண்ணன் தெரிந்தான். அவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அதையெல்லாம் வந்து சொன்னேன். அவன் தலையைக் குனிந்து கேட்டான்.

அப்படியே ரோலர் கோஸ்டர், டேஷிங் கார், தண்ணீரில் வழுக்கி விழும் சறுக்கு என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். எனக்குப் பாதியிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது.  ஆனால் அவன் நோட்டீஸில் அடுத்ததைக் காட்டிக்கொண்டே இருந்தான். சுற்றிச் சுற்றி வரும் தேநீர்க் கோப்பை வடிவ இருக்கையிலிருந்து இறங்கியபோது நான்கடி கூட நடக்க முடியவில்லை. செடி ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

அம்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள். "போதும். நோயில்லாத புள்ளையையும் நோயாக்கிக் கூட்டிட்டுப் போகணுமா?" என்றாள். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை. அண்ணன் நோட்டீஸை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

என்னைக் கழுவிவிட அம்மா குழாயடிக்கு அழைத்துப் போனாள். அங்கே பெரிய கூட்டம். ஈரத் துணியோடு பெண்களும் குழந்தைகளும் வரிசையில் நின்றார்கள். முகம் கழுவி, பாவாடையை அலசிப் பிழிந்துகொண்டு திரும்பி வந்தபோது பெஞ்சில் எங்கள் பை மட்டும் இருந்தது. பக்கத்தில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெண், "ராட்டினத்தாண்ட போனாங்க. பைய பாத்துக்க சொன்னாரு," என்றாள்.

அம்மா அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ராட்டினம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆட்களை ஏற்றுவதற்காக ஒவ்வொரு கூண்டாக நிறுத்தி நிறுத்திப் போனது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு மஞ்சள் கூண்டில் அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பக்கத்தில் அண்ணன். அப்பா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அவன் தோளையும் பிடித்திருந்தார்.

அம்மா பையைத் திறந்து மாத்திரைப் பட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ராட்டினத்தின் அடியில் போய் நின்றாள். ஆள் ஏற்றி முடிந்ததும் ராட்டினம் வேகமாகச் சுற்றத் தொடங்கியது. மஞ்சள் கூண்டு மேலே போகும்போது அவள் தலையும் மேலே போனது, கீழே வரும்போது தலையும் தாழ்ந்தது. ஒரு சுற்றில் அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டான். "பாப்பா" என்று அவன் கூப்பிட்டது கேட்டது. நான் கை ஆட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள்.

அவர்கள் இறங்கியபோது அண்ணனுக்கு உதடு வெளுத்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா அவனை உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தபடி. வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை.

"ஒண்ணும் ஆவல மா," என்றான் அவன்.

"அவன் கேட்டான்," என்றார் அப்பா. 

அம்மா அவரைப் பார்க்கவில்லை. "கிளம்பலாம்," என்றாள்.

பஸ்ஸில் அப்பா ஆண்கள் பக்கம் நின்றுகொண்டு வந்தார். அண்ணன் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, என்னிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே வந்தான். மேலிருந்து ஆவடி தெரியும் என்று நினைத்தானாம், தெரியவில்லையாம். செம்பரம்பாக்கம் ஏரி தெரிந்ததாம். பாதிக்குமேல் வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் தகடு மாதிரி கிடந்ததாம். லாரிகள் தீப்பெட்டி அளவு. கீழே இறங்கும்போது வயிறு காலியாகத்தான் ஆகிறது, நீ சொன்னது சரி என்றான். பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

ஜூனில் பள்ளி திறந்தது. அவன் பாதி நாள் போனான், பாதி நாள் போகவில்லை. ஐப்பசி மழையில் அவனுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் கால் வீங்கியது, படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காது, முதலில் காய்ச்சல் இறங்கட்டும் என்றார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் அவன் போய்விட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அழுகையே இல்லாத குரலில் கேட்டாள்.

"அன்னைக்கு ராட்டினத்துல ஏத்துனீங்கள்ல?"

பக்கத்தில் நின்ற டாக்டர், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது கிருமியால வந்தது," என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா தலையாட்டிக்கொண்டாள். அவள் அதை நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

அதன்பின் எங்கள் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அம்மா சோறு போட்டாள், அப்பா சாப்பிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என் மூலமாகச் சொல்லிக்கொண்டார்கள். "அப்பாட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துருச்சுன்னு." "அம்மாட்ட கேளு, டீ இருக்கான்னு." மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். ஊருக்கும் போவதை விட்டுவிட்டோம். மே மாதத்தில் வரிசை வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரியும்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பட்டாபிராமில் வாங்கிப்போட்டிருந்த மனையில் இரண்டு அறை கட்டிக்கொண்டு போனார்கள். நான் கல்யாணமாகித் திருமுல்லைவாயிலில் இருந்தேன். ஒருநாள் அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்த அவரிடம், ஏனோ அன்று, கேட்டேன்.

"அன்னைக்கு ஏன்பா அவன ராட்டினத்துல ஏத்துனீங்க?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆபரேஷன் பண்ணாலும் பொழைக்கிறது பாதிக்குப் பாதிதான்னு டாக்டர் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. பார்க்குக்குப் போறதுக்கு முந்தின வாரம். ஒங்கம்மாட்ட சொல்லல."

"அவன் போனதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? இத்தன வருஷம் அம்மா ஒங்க மேல..."

"அப்புறம் சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" என்றார். மூடிய இமையின் ஓரத்தில் மருந்து வழிந்து கன்னத்துக்கு வந்தது. துடைத்துவிட்டேன்.

அதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த வாரம் பட்டாபிராம் போனபோது அம்மா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா கடைக்குப் போயிருந்தார். சொன்னேன். அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. தண்டைக் கிள்ளி ஒருபக்கமும் இலையை ஒருபக்கமும் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்றே சந்தேகம் வந்தது.

"எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம்ல," என்றாள் கடைசியில். "நானும் கூட ஏறியிருப்பேன்."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா காய்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அம்மா எழுந்து போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "அப்பாட்ட கேளு, புளி வாங்குனாரான்னு," என்றாள்.