ஆப்பு வைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஜீப்பை உயர்த்தியது என் கணவரின் யோசனை. குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊருக்குப் போகிற மண்சாலை, மழைக்காலத்தில் தண்ணீருக்குள் போய்விடும். வண்டி கொஞ்சம் உயரமாக இருந்தால் வயலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காரணம் சொன்னார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். போனில் யாரோ ஒருவனுடைய உயரமான ஜீப்பைப் பார்த்த நாளிலிருந்தே மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இதற்குக் கூட்டு, பக்கத்து குவார்ட்டர்ஸ் அண்ணன். தென்காசிப் பக்கத்துக்காரர். நிலக்கரி மைன்ஸில் இயந்திரங்களைப் பொருத்துகிற ஃபிட்டராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். பழைய ஜீப்பை வாங்கியது என் கணவர் என்றாலும், அதை ஓட வைத்தவர் அவர். எங்கள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் எந்த வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறதோ அங்கே சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

பிரிவு உபசார விழா முடிந்து மாலையோடு வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் சொன்னார்: "ஊருக்குப் போனா இந்த ஜீப்புலதான் போவேன். நீதான் ஓட்டணும் தம்பி." என் கணவரும் தலையாட்டினார். இங்கே ஓய்வு பெற்றவர்கள் கிளம்புவதை நிறையப் பார்த்திருக்கிறோம். காலையில் லாரி வரும், மதியத்துக்குள் வீடு காலியாகும், அடுத்த மாதம் வேறு யாரோ அந்த வாசலில் கோலம் போடுவார்கள். அப்படிப் போக அண்ணனுக்கு மனசில்லை.

மந்தாரக்குப்பத்துப் பட்டறையில் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாட்டியிருக்கும் இரும்புத் துண்டுகளை எடுத்துவிட்டு நீளமானவற்றைப் போட்டார்கள். வண்டி நாலு விரல் உயர்ந்தது. நான் ஏறி உட்கார ஒரு ஸ்டூல் தேவைப்பட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வடலூர் தாண்டி வேகம் பிடித்ததும் வண்டி நடுங்க ஆரம்பித்தது. காலுக்குக் கீழே தகரம் அதிர்ந்து, குள்ளஞ்சாவடி வருவதற்குள் என் பேச்சே துண்டு துண்டாக வந்தது. மெதுவாகப் போனால் நடுக்கம் இல்லை. ஆனால் மாட்டு வண்டி வேகத்தில் தென்காசி போய்ச் சேர முடியுமா?

"டயருதான் ஆடிக்கினு இருக்கும்" என்றார் இவர். டயரைச் சரிபார்த்தார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. பிறகு அண்ணன் வண்டிக்கு அடியில் நுழைந்து பார்த்துவிட்டு வந்து விளக்கினார். எஞ்சின் பக்கத்திலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளமான ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் சாய்வு ஒரே மாதிரி இருக்கவேண்டும். வண்டியைத் தூக்கியதில் பின் அச்சின் மூக்கு மேலே பார்த்துவிட்டது. சாய்வு மாறியதால் ஷாஃப்ட் உதறுகிறது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் சரிவாகச் சீவிய இரும்பு ஆப்பு வைத்தால் மூக்கு கீழே இறங்கிவிடும்.

"வண்டிக்கே ஆப்பு வைக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வேலையில் இறங்கிய ஆம்பிளைகளுக்குச் சிரிப்பு வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பு வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தால் நடுக்கம் முன்னைவிட அதிகம். அடுத்த ஞாயிறு கழற்றி, தேய்த்து, மறுபடி வைத்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. வண்டிக்கு அடியிலிருந்து நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் மனைவியான அக்காவும் நானும் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, தேநீர் டம்ளரை அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் வைப்போம். மதியம் ஒரே சட்டியில் மீன்குழம்பு. எத்தனையோ தீபாவளிகள் வந்து போயின. எனக்கு இன்றும் நினைக்க நினைக்க இனிப்பது அந்த எண்ணெய் நாறிய ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

அப்படி ஒரு நாள் அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தடிச்ச பக்கம் பின்னால பாக்கணும். இவரு முன்னால பாக்க வச்சிருக்காரு. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் வைக்காரு."

"தெரியாமலா?"

"மைன்ஸ்ல மெஷினைத் தூக்கி நிறுத்துன மனுசனுக்கு ஆப்போட தடிச்ச பக்கம் தெரியாதாக்கும்? வண்டி சரியாயிட்டா கிளம்பணும்லா."

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் மெல்லக் கேட்டேன். வண்டிக்கு அடியில் அண்ணன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பார்த்தவர் ஆயிற்றே.

"தெரிஞ்சிக்கினுதான் இருக்கேன். நீ சும்மா இரு" என்றார்.

நானும் சும்மா இருந்தேன். இன்னும் பல ஞாயிறு இப்படியே போகட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் அக்காவால் அப்படி இருக்க முடியவில்லை. தென்காசியில் அவர்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகள் போனில் அழுதாள் என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். அண்ணன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போய் வண்டிக்கு அடியில் படுத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. வடலூர் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போனது வண்டி. "சரியாயிட்டு" என்றார் அண்ணன். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாமான்கள் லாரியில் முன்னே போக, விருத்தாசலம் வழியாக நாங்கள் நால்வரும் ஜீப்பில் போனோம். வழியெல்லாம் அக்காதான் பேசிக்கொண்டு வந்தார். தென்காசியில் இரண்டு நாள் தங்கினோம். கிளம்பும்போது அண்ணன் குனிந்து ஷாஃப்ட்டை ஒரு தடவை பார்த்தார். நட்டுகளை இறுக்கினார். தேவையே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

திரும்பும்போது பின்சீட் காலி. மதுரையைத் தாண்டியிருந்தோம். வண்டி நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று இவர் கேட்டார்:

"லேசா ஆடிக்கினு வர மாதிரி இல்ல?"

தரையில் பாதத்தை அழுத்திப் பார்த்தேன். ஒரு துளி நடுக்கம்கூட இல்லை.

"ஆமாங்க, ஆடுது" என்றேன். "அண்ணனுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

அவர் உடனே வண்டியை ஓரம் கட்டினார்.