இருநூறு வரை எண்ணுகிறவள்

அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. தினம் காலையில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும்.

பெயர் வந்த கதை சின்னது. சினிமாக் கேமராவில் ஃபிலிம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் முள் உண்டு. அவள் கணவருடைய கேமராவில் அந்த முள் பதினாறு வருஷத்துக்கு முன்பே செத்துப்போனது. ரிப்பேருக்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சேர்ந்திருந்த சினிமாச் சங்கத்து ஆட்கள் எல்லோரும் நல்ல வெயிலை வீணாக்கிக்கொண்டு கையைப் பிசைந்து நின்றபோது, சும்மா கூட வந்திருந்தவள், "நான் எண்ணுறேன்" என்றாள். சிரித்தார்கள். பிறகு கடிகாரத்தை வைத்துப் பார்த்தார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. நர்ஸ் வேலை. நாடியைப் பிடித்தும், பாட்டிலில் இறங்கும் சொட்டைப் பார்த்தும் எண்ணி எண்ணி, விநாடி அவள் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

ஒரு டப்பா ஃபிலிம் இருநூறு விநாடி ஓடும். அதற்கு மேல் ஒரு இமைப்பொழுதுகூடக் கிடையாது. சத்தம் பதிவாகாத படம் என்பதால் வாய்விட்டே எண்ணலாம். கணவர் கேமராவில் கண்ணை வைத்து நடப்பார். அவள் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்தபடி, தோளருகே எண்ணிக்கொண்டே நடப்பாள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் எத்தனை விநாடி என்று நோட்டில் எழுதுவாள். அந்த நோட்டில் அடித்துத் திருத்திய எண் ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். "பிரஷர் எவ்வளவு சிஸ்டர்?" என்று நோயாளி கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். கொஞ்சம் இனிப்பாகச் சொன்னால் என்ன என்று மற்ற நர்ஸ்கள் அவளிடம் சண்டைக்கே வருவார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்துக்குள் நுழைந்து, லிஃப்ட் கதவில் ஒரு நிமிடம் காதை வைத்தால் போதும், எந்த மாடியில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட், ஏழாம் நாள் கேமரா. குழந்தை குட்டி இல்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

சங்கம் என்று சொன்னால் பெரிய கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் ஒன்பது பேர், கடைசியில் நாலே பேர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான் கதையும் இயக்கமும். பஸ் டிரைவர் ஒருவர் கதாநாயகன். மிச்சம் இவர்கள் இரண்டு பேர். இந்த நாலு பேரும் பதினொரு வருஷமாக ஒரே படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வருஷங்கள் கழித்துத் திரும்பி வரும் ஒருவன், கதவின் பச்சை நிறத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, தன் வீட்டைத் தேடுகிற கதை. கடைசி ஷாட்டில் கதவு கிடைக்கும், திறக்கும், அவன் முகத்தில் வெளிச்சம் விழும். அவ்வளவுதான் படம். இதற்கா பதினொரு வருஷம் என்று கேட்டவர்களோடு கண்ணாடிக் கடைக்காரர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் அவர்கள் பயன்படுத்திய ஃபிலிமைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. கழுவித் தரும் லேபும் மூன்று மாதம்தான் இருக்கும் என்றார்கள். கண்ணாடிக் கடைக்காரர் கம்பெனிக்குப் பதினாலு கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. டிரைவர் இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. வேறு ஃபிலிமில் எடுத்துப் பார்த்தார்கள், பச்சைக் கதவு காய்ந்த பாசி மாதிரி வந்தது. போனிலும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் எல்லாம் பளிச்சென்று இருந்தது, ஆனால் பதினொரு வருஷத்துப் படத்தோடு ஒட்டவே இல்லை. "போன்னா எண்ண வேண்டியதே இல்ல. மீட்டருக்கு வேலை போச்சு" என்றார் டிரைவர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மிச்சமிருந்த நாலு டப்பாவையும் கணவர் கொண்டுவந்து, சூட்டில் கெடாமலிருக்க ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டில் அடுக்கினார்.

"முட்டையை எங்கங்க வைக்கிறது?"

"முட்டை நாளைக்கும் கிடைக்கும்" என்றார்.

முட்டைகள் ஒரு கிண்ணத்தில் அடுப்பு மேடைக்குப் போயின.

ஃபிலிம் தீர்வது ஒரு பக்கம் என்றால், அவர் கை இன்னொரு பக்கம். ஒரு வருஷமாகவே வலது கையில் நடுக்கம். முதலில் ஸ்க்ரூ நழுவியது, பிறகு ஸ்பேனர் நழுவியது. ஆபீசில் அவரை ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். மாத்திரை இருந்தது. அது சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. இன்னும் எவ்வளவு நாள் இந்தக் கை கேமராவைத் தூக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர் கேட்டபோது அதையும் உள்ளபடியே சொல்லியிருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசி ஷாட்டை எடுக்க அவர்கள் போனபோது கையில் ஒரே டப்பா, அதிலும் நூற்று நாற்பது விநாடி ஓடியிருந்தது. பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றில், நீளமான தாழ்வாரம். டிரைவரின் முதுகைத் தொடர்ந்து நடந்து, மூலையில் திரும்பி, பச்சைக் கதவு வரை போக வேண்டும். இருபத்தைந்து விநாடி.

"ஸ்டாண்ட் போட்டு எடுத்துடலாமாண்ணே?" என்று கண்ணாடிக் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"நடந்துதான் எடுக்கணும்னு பதினொரு வருஷமா நீங்கதான சொன்னீங்க" என்றார் கணவர்.

முதல் தடவை ஆரம்பத்திலேயே கை உதறியது. சமாளித்து முடிப்பதற்குள் இருபத்தேழு விநாடி. இரண்டாம் தடவை நன்றாகத்தான் போனது. மூலையில் திரும்பும்போது கேமரா குலுங்க ஆரம்பித்து, கதவு வரை நிற்கவே இல்லை. சட்டையைப் பிடித்திருந்த அவள் விரலுக்கே அந்த நடுக்கம் வந்து சேர்ந்தது. இருபத்தைந்து விநாடி.

அவர் கேமராவை இறக்கி அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஒண்ணுக்கு இருக்கா?"

கணக்கு அவள் மனதில் தயாராகவே இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு போய்விட்டது. மிச்சம் எட்டு. எட்டு விநாடியில் டிரைவர் மூலைக்குக்கூடப் போய்ச் சேர மாட்டார். ஆனால் கணவர் முகத்தைப் பார்த்தாள். 'நான் வீட்டுக்குப் போயிடுவேனா சிஸ்டர்?' என்று கட்டிலிலிருந்து கேட்பார்களே, அந்த முகம். அவர்களிடம் டாக்டர் வரட்டும் என்று சொல்லித் தப்பிக்கலாம். இங்கே டாக்டர் யாரும் வரப்போவதில்லை.

"இருக்கு, எடுங்க" என்றாள்.

மீட்டர் சொன்னால் சொன்னதுதான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டிரைவர் போய்த் தன் இடத்தில் நின்றார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதோ என்னவோ, கணவர் கை அசையவில்லை. பழைய நாட்களைப் போல, தண்ணீர் நிறைந்த குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோகிற மாதிரி நடந்தார். "ஏழு, எட்டு." ஃபிலிம் தீர்ந்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "ஒம்பது" என்றாள். அவர் நடந்தார். மூலையில் திரும்பினார், கேமரா குலுங்கவில்லை. கதவு வந்தது. உள்ளேயிருந்து கண்ணாடிக் கடைக்காரர் இழுக்க அது திறந்தது, டிரைவரின் முகத்தில் வெயில் விழுந்தது. "இருபத்தஞ்சு." டிரைவர் கைதட்டினார். கண்ணாடிக் கடைக்காரர் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்குக் கை சொன்னபடி கேட்டுச்சு" என்றார் கணவர். வழக்கமாக டப்பாவை வெளியே எடுப்பது அவள் வேலை. அன்று அவரே எடுத்து, உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

சாயங்காலம் நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள். இருபத்தேழு, இருபத்தைந்து. மூன்றாவதற்கு இருபத்தைந்து என்று எழுதப் பேனா வரவில்லை. எட்டு என்று எழுதி மூடி வைத்தாள்.

ஃபிலிம் கழுவி வர மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பாள். அவர் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை நாடி பார்த்தாள். அவளுக்குத் தன் எண்ணிக்கை மீதே நம்பிக்கை போயிருந்தது.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டுப் படத்தை ஓட்டினார்கள். முதல் தடவை எடுத்தது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் தாழ்வாரம், டிரைவரின் முதுகு, ஒரு துளி அசைவில்லை. "அடடா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அவர் வாய் மூடுவதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார்.

"கதவு வரைக்கும் நடந்தேனே" என்றார் டிரைவர், யாரோ தன்னை நம்பவில்லை என்பது போல.

இரண்டு பேரும் அவள் இருந்த பக்கம் திரும்பினார்கள்.

"அவளை ஏன் பாக்கறீங்க? அவ சரியாத்தான் எண்ணினா, ஃபிலிம் மாட்டும்போது நான்தான் கொஞ்சத்தை ஓடவிட்டு வீணாக்கிட்டேன்" என்றார் கணவர். "ரெண்டாவதையே வெச்சுக்குங்க. நடுங்கினா நடுங்கட்டும். அதுவும் நான் எடுத்ததுதான?"

கண்ணாடிக் கடைக்காரர் சுருளைச் சுற்ற ஆரம்பித்தார். தன் பழியைக் கணவர் ஏற்றுக்கொண்டது, திட்டியிருந்தால் வலித்திருப்பதைவிட அவளுக்கு அதிகமாக வலித்தது.

பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். அந்தப் பக்கத்தைப் பிரித்து, அவர் மடியில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நடுங்கும் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வந்து கடைசி வரியில் நின்றார்.

"எட்டு. சரியாத்தான் எழுதியிருக்க."

"என்னங்க, நான்..."

"ஒம்பதாவதுலயே சத்தம் மாறிடுச்சு. ஃபிலிம் நகராம, அதை இழுக்கிற பல்லு மட்டும் சும்மா அடிச்சிட்டிருந்துச்சு. அதுகூடக் கேக்காமயா முப்பது வருஷம் லிஃப்ட் பாத்தேன்?"

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அவளுக்கு அழுகையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"தெரிஞ்சும் ஏங்க நிறுத்தல?"

அவர் நோட்டை மூடி அவள் பையில் போட்டார்.

"நீ எண்ணிக்கிட்டே வந்தியே" என்றார்.