பங்களாப் பூனையும் துரையின் தொப்பியும்

பெரிய துரை சீமைக்குத் திரும்பும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போன தொப்பி, என் வீட்டுப் பின்கதவோரம் விறகுக்கட்டைகளின் மேல் கிடக்கிறது. ஏழு வருடம் அவருடைய தேயிலைத் தோட்டத்துப் பங்களாவைக் கூட்டித் துடைத்ததற்கு அதுதான் வெகுமதி. அத்தனை பெரிய தொப்பிக்குள் எவ்வளவு சின்ன மூளை இருந்தது என்பதை ஒரு மழைக்காலத்தில் கண்டுகொண்டேன்.

அவரிடம் சாம்பல் நிறக் கடுவன் பூனை ஒன்று இருந்தது. குட்டியிலேயே கண்டியில் காயடித்துக் கொண்டுவந்தது. பத்து வயது தாண்டும்வரை வீட்டுக்குள் ஒரு சொட்டு அசிங்கம் பண்ணியதில்லை. திடீரென்று ஒருநாள் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை விறைத்துக்கொண்டு நீரைப் பீச்சியது. பிறகு திரைச்சீலை, நாற்காலிக் கால், துரையின் சப்பாத்து, எதுவும் தப்பவில்லை. நான் பினாயில் போட்டுத் தேய்த்த இடத்திலேயே மறுநாளும் அடித்தது.

துரை பூனையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "காயடிச்ச பூனை இப்படிச் செய்யாது. நீ கதவு திறந்து வைக்கிறது, லயத்துப் பூனை உள்ளே வருது" என்றார். லயம் என்றால் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள். கெட்டது எதுவும் அங்கிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் படிப்பு.

பூனை மண் தட்டில் குந்தி முக்குவதையும், இரண்டு சொட்டுக்கு மேல் வராமல் அழுவதையும் நான் பார்த்திருந்தேன்.

"தொரைங்களே, அதுக்கு நீர்க்கடுப்புங்க. வயித்தத் தொட்டாலே கத்துதுங்க" என்றேன்.

"நீ டாக்டரா?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற தோட்டத்து மருந்துக்காரரும் கூடச் சிரித்தார். "நீ சொல்றது சரிதான் புள்ள" என்று முதல்நாள் குசினி வாசலில் என்னிடம் கிசுகிசுத்த அதே வாய்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி சத்தம் போட்டார்: "லயத்துல ஒரு பூனை இருக்கக் கூடாது. எல்லாத்தையும் சாக்குல போட்டுக் கொண்டாங்க. தொரை உத்தரவு!"

கடுவனா பெட்டையா என்று பார்க்கக்கூட யாருக்கும் பொறுமையில்லை. என்னிடமும் ஒரு பெட்டை இருந்தது, வெள்ளைச்சி. கொடுக்காவிட்டால் பங்களா வேலை போய்விடும், கொட்டும் மழையில் கொழுந்தெடுக்க மலை ஏற வேண்டும். கொடுத்தேன். சாக்கின் வாயைக் கட்டக் கயிறும் நானே கொடுத்தேன். துரையைத் திட்டும்போதெல்லாம் அந்தக் கயிறு ஞாபகத்துக்கு வந்து என்னையும் சேர்த்துத் திட்ட வைக்கிறது. சாக்குகள் ஆற்றுப் பக்கம் போயின.

லயத்தில் ஒரு பூனையும் மிஞ்சவில்லை. பங்களாவில் நாற்றமும் குறையவில்லை. நான்காம் நாள் துரையின் குதிரையைப் பார்க்க நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியர் வந்தார். பூனையின் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"மூத்திரப் பையில புண்ணு. வலி தாங்காமத்தான் கண்ட இடத்துல அடிக்குது" என்றார்.

அவர் கொடுத்த மருந்தில் பூனை தேறியது. அன்றைக்குத் துரை என்னைத் தாண்டி, வைத்தியரோடு குதிரையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அந்த வருடம் லயமெல்லாம் எலி.

போன மாதம் என் வீட்டுக் கிழட்டுக் கடுவனும் திடீரென்று வாலைத் தூக்கிக்கொண்டு பின்கதவோரச் சுவரிலும் விறகிலும் அடிக்கத் தொடங்கியது. இதுவும் காயடித்ததுதான். நான் அண்டை வீட்டைப் பார்க்கவில்லை, அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கத்தியது. அன்றைக்கே கூடையில் வைத்து ஹட்டன் மிருக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். மருந்தில் குணமாகிவிட்டது. வீடு திரும்பி சுவரைக் கழுவினேன், கதவைக் கழுவினேன், விறகைக்கூட வெயிலில் காயப்போட்டேன்.

தொப்பியை மட்டும் கழுவவில்லை.